சிக்னலுக்கு நீட்டிய விரல்

கென்சோவின் ஆள்காட்டி விரலுக்கு ஓய்வே கிடையாது. கிஹா 183 என்ற டீசல் எக்ஸ்பிரஸ் ரயிலின் ஓட்டுநர் அவர். சிக்னல் கண்ணில் பட்டதும் விரலை நீட்டி, "பச்சை, சரி!" என்று உரக்கச் சொல்ல வேண்டும், அதுதான் விதி. வீட்டிலும் விட்டாரா? அடுப்பை நோக்கி விரலை நீட்டி, "கேஸ் மூடியாச்சு, சரி!" என்பார்.

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்காய்டோவின் பனிக்கென்றே கட்டிய வண்டி அது. வந்த புதிதில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு வண்ணத்தை மாற்றினார்கள், இன்ஜினை மாற்றினார்கள். மற்ற தடங்களில் புது வண்டிகள் வந்து ஓரங்கட்ட, கடைசியில் மூலையிலிருக்கும் கிதாமி ஊர்ப் பக்கம் ஒதுங்கியது. கென்சோவும் அதோடு ஒதுங்கினார். வண்டியை யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போவார்.

வீடு தண்டவாளத்தின் வளைவில், வெங்காய வயலை ஒட்டி இருந்தது. வண்டி வரும் நேரத்தில் மனைவி சுமி துணி உலர்த்தும் சாக்கில் வெளியே நிற்பாள். ஒரு விடுமுறை நாளில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வாயைத் தொறக்க மாட்டாரு. ஆனா தினமும் என்னைப் பாத்து விரலை நீட்டிட்டுத்தான் போவாரு."

உள்ளிருந்து கேட்ட கென்சோ விழுந்து விழுந்து சிரித்தார். "அடி பைத்தியமே! உனக்கா நீட்டுனேன்? உனக்குப் பின்னாடி சிக்னல் கம்பம் நிக்குதுல்ல, அதுக்கு!"

பக்கத்து வீட்டு அம்மாளும் சிரித்தாள். சுமியின் முகம் சுண்டிப்போனது. மறுநாளிலிருந்து துணி வீட்டுப் பின்பக்கம் காய்ந்தது. அதைக் கவனிக்கவே மனுஷனுக்கு வருஷக்கணக்கானது. கவனித்த பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவி, கேட்டிருக்கலாம்.

கென்சோ ஓய்வு பெற்றுச் சில வருஷங்களில் வண்டிக்கும் கடைசி ஓட்டம் வந்தது. மார்ச் மாதப் பனியில், வயலோரம் கேமராவும் கையுமாகக் கூட்டம்.

"சுமி, வாயேன். கடைசியா ஒரு தடவை பாத்துரலாம்."

"எனக்கெதுக்கு? உங்க சிக்னலை நீங்களே போய்ப் பாருங்க," என்றாள், சூப்புக்கு வெங்காயம் நறுக்கியபடி.

அவள் முன்பு துணி உலர்த்திய இடத்தில் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அங்கே நின்று வண்டியைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வளைவில் வண்டி திரும்பியது. இளம் ஓட்டுநரின் கை உயர்ந்தது. விரல் நேராகக் கென்சோவின் நெஞ்சை நோக்கி நீண்டது. தன்னையறியாமல் கையை ஆட்டிவிட்டார்.

மூச்சிரைக்க உள்ளே வந்தார். "சுமி, நீ சொன்னதுதான் சரி. அங்க நின்னா நம்மளைத்தான் காட்டுது!"

அவள் தலை நிமிரவில்லை.

"நான் பாத்தது உங்க விரலை. இன்னிக்கு ஓட்டிட்டுப் போனது நீங்களா?"