ஜோதி கேட்ட முடிவு

மாய நாவல்களாகப் படித்துப் படித்து எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். டிராகன் பறப்பதும் மலை பேசுவதும் பொய் என்று தெரிந்துதான் படிக்கிறேன். பொய் எது, நிஜம் எது என்று பிரிக்கத் தெரியாத ஆள் இல்லை நான். இது நடந்தது. என் கண் முன்னால் நடந்தது.

என் பெயர் சித்ரகலா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் வேலை. உள்ளே விளக்கு எரியும் கண்ணாடி மேல் துணி ஓடும். ஓட்டை, நூல் விட்ட இடம் எதுவும் கண்ணுக்குத் தப்பாது. நாகஜோதி பக்கத்து ஹாலில் ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைக்கும் டெய்லர். கமுதிப் பக்கத்துப் பெண். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அயர்ன் மாஸ்டர் அந்தோணிராஜ் அண்ணனையும் சேர்த்து, கதைப் பைத்தியங்கள் நாங்கள் மூன்று பேர். டீ டைமில் மற்றவர்கள் சீரியல் பேசுவார்கள். நாங்கள் பறக்கும் யானையைப் பற்றிப் பேசுவோம். படித்து முடித்த புத்தகத்துக்கு வேஸ்ட் பனியன் துணியில் உறை தைத்து அடுத்த ஆளிடம் கொடுப்போம்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம். பாதிக் கதை வரை சொல்லி ஆசை காட்டலாம், முடிவை மட்டும் சொல்லக்கூடாது. ஒருமுறை அண்ணன் வாய் தவறி ஒரு முடிவை உளறிவிட்டார். ஜோதி ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவு ரோஷம் அவளுக்கு.

தீபாவளி லீவுக்கு முன் நான் ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்தேன். ஏரிக்கு அடியில் ஒரு நாடு. ஒரு பெண் அதற்குள் இறங்கிப் போய்விடுகிறாள். அங்கே போனவர்களுக்கு ஊருக்குத் திரும்பும் வழி மெல்ல மெல்ல மறந்துபோகும்.

"அய்யோ, அம்மாவ விட்டுட்டு எப்படி இருப்பா?" என்றாள் ஜோதி. வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான்.

"படிச்சுப் பாரு, தெரியும்" என்றேன். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். ஊரே காலியாகக் கிடந்தது. அவசர ஷிப்மெண்ட் என்று உள்ளூர்க்காரர்கள் சிலரை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். என்னிடம் கடைசி ரோல் மிச்சம் இருந்தது. சூப்பர்வைசர் மயில்சாமி அண்ணன் டீ வாங்கப் போனார். மணி ஆறு பத்து. மழை இருட்டு.

பக்கத்து ஹாலில் ஓவர்லாக் மிஷின் ஒன்று ஓடியது.

டர்ர்ர்... நின்றது.

டர்ர்ர்...

அங்கே ஆளே கிடையாது. அந்த ஹாலின் மெயின் சுவிட்சும் ஆஃப். எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று திரும்பினேன். வாசலில் ஜோதி நின்றிருந்தாள்.

"ஏ ஜோதி! எப்ப வந்தே? போன் கூடப் பண்ணுல?"

"இப்பத்தான்."

வந்து கண்ணாடிக்கு எதிரே நின்றாள். பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகவே ஆகாது. இந்த ஹாலுக்குள் வந்தால் நாலு தும்மல் போடாமல் பேச்சே வராது. அன்று தும்மவில்லை. மூக்கைக்கூடத் தேய்க்கவில்லை.

"கலா, அந்தப் புள்ள ஊருக்குத் திரும்பிச்சா?"

"எந்தப் புள்ள?"

"ஏரிக்குள்ள போனவ. முடிவச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீயா கேக்கறே? அண்ணனை என்ன பாடு படுத்துனே!"

அவள் சிரிக்கவில்லை.

"பாதிதான் படிச்சேன். இனிமே படிக்க முடியாது. சொல்லு கலா."

சொல்லிக்கொண்டே கண்ணாடி மேல் கையை வைத்தாள். சின்ன நூல் முடிச்சு கூட அதில் கறுப்பாகத் தெரியும். அவள் கை இருந்த இடத்தில்...

வெளிச்சம் அப்படியே வந்தது.

கையில் இருந்த துணியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

"சொல்லு கலா... எனக்கு வழி தெரியல."

ஓடியிருப்பேன். ஆனால் அவள் முகம்... திருவிழாவில் தொலைந்த குழந்தையின் முகம்.

அந்தக் கதையில் ஏரிக்குள் போன பெண் திரும்புவதில்லை. வீட்டை மறந்த பிறகுதான் அவளுக்கு நிம்மதி கிடைக்கும். படித்த அன்று நான் அழுதேன். அதை எப்படிச் சொல்வேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"வந்துருவா ஜோதி. வாசல்ல நின்னு மூணு தட்டு தட்டுவா. 'தல தொவட்டத் துண்டு குடும்மா'ன்னு கேப்பா. அவங்கம்மா கதவைத் தெறந்துருவாங்க."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் முகம் மலர்ந்தது.

"யாருகிட்டீங்க பேசீட்டிருக்கறீங்க?"

டீயோடு மயில்சாமி அண்ணன். திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

ஏழரைக்கு அந்தோணிராஜ் அண்ணன் போன் செய்தார். அழுதுகொண்டே பேசினார். "நம்ம ஜோதி போயிருச்சும்மா. காலைல கண்மாய்க்குக் குளிக்கப் போனவளக் காணோம்னு தேடியிருக்காக. இப்ப ஏழு மணிக்குத்தான் மேல எடுத்தாகளாம்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் அந்தோணிராஜ் அண்ணனும் போனோம். ஜோதியின் அம்மா ராக்கம்மாளைத் தன்னோடு மதுரைக்கு வந்துவிடச் சொல்லி அவருடைய தம்பி கெஞ்சிக்கொண்டிருந்தார். ராக்கம்மாள் அசையவே இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளக்கு வைக்கிற நேரம் தெனமும் வர்றா தாயி. மூணு தட்டு. 'தல தொவட்டத் துண்டு குடும்மா'ங்கிறா. கதவத் தொறந்தா ஆளக் காணோம். எம்புள்ள வந்து நிக்கையில நான் எப்படித்தா வீட்டப் பூட்டிட்டுப் போவேன்?"

அந்த வார்த்தைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பயந்து போய் நான் யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. அந்தோணிராஜ் அண்ணனிடம்கூட.

நிஜமான முடிவைச் சொல்லியிருந்தால் வீட்டை மறந்து நிம்மதியாகப் போயிருப்பாளோ...

கதவோரம் ஆணியில் ஒரு துண்டு தொங்கியது. மழை நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளியே நல்ல வெயில்.

தொட்டுப் பார்த்தேன்.

தண்ணீர் சொட்டியது.