குளித்த ஃப்ரிட்ஜும் அரைக் கிலோ சூரையும்

எங்கள் வீட்டில் மாதம் ஒரு நாள் ஃப்ரிட்ஜுக்குக் குளியல் உண்டு. பௌர்ணமி பிறக்கிற நாளன்று காலையில் அம்மா அதன் வயிற்றில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டு, மஞ்சள் தண்ணீரில் துணி நனைத்து, தட்டுத் தட்டாகத் துடைப்பாள். பிறகு அதில் தயிர்ப் பாத்திரங்கள் மட்டும்தான் குடியேறும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு பொறுப்பு இருக்கும். எங்களுக்கு மோர். மலை சுற்ற வருகிறவர்களுக்கு இரண்டு அண்டா மோர் கொடுக்காமல் அம்மாவுக்குப் பௌர்ணமி கழியாது. ஃப்ரிட்ஜ் குளித்துவிட்டால் நிலா தேயத் தொடங்கும் வரை மீன், முட்டை எதுவும் வாசற்படி ஏறக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

அப்போது என் மனைவிக்கு ஏழாவது மாதம். முதல் தடவை நான்காவது மாதத்தோடு முடிந்துபோயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. இந்த முறை அந்த மாதத்தைத் தாண்டிய பிறகும் யாரும் நிம்மதியாக மூச்சுவிடவில்லை. போதாததற்கு, மூன்று வாரமாக அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸம்மா எடை மிஷினைப் பார்த்துவிட்டு அவளை இறங்கி மறுபடியும் ஏறச் சொன்னார். மிஷின் மனம் மாறவில்லை.

"போன மாசமும் இதேதான். வாய்க்கு எது பிடிக்குதோ அதக் குடுங்க. அடுத்த தடவையும் ஏறலைன்னா பெட்ல சேர்த்துடணும்" என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க நல்லா ஏறியிருக்கீங்க" என்றார்.

அவள் வேண்டாமென்று தள்ளியதையெல்லாம் வீணாக்கக் கூடாதே என்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தியாகம் இடுப்பில் தெரியத்தான் செய்யும்.

அந்த வாரம் அவள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். யாரோ ஓர் அம்மாள் பத்தே நிமிடத்தில் மீன் செய்துகொண்டிருந்தார். வறுத்த துண்டுகளை வெல்லப்பாகும் மிளகாயும் கொதிக்கிற வாணலியில் போட்டுப் புரட்ட, ஒவ்வொரு துண்டும் புதிதாகப் பெயின்ட் அடித்த மாதிரி பளபளத்தது.

"இனிப்பும் காரமும் ஒட்டினு இருக்குது பாருங்க மாமா. இது உள்ள போகும்னு தோணுது" என்றாள்.

மூன்று வாரத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் சாப்பாடு அது.

நான் செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பிரதி எடுப்பது என் தொழில். ஒரு வீடியோவைப் பார்த்து ஒரு மீனைப் பிரதி எடுக்க முடியாதா என்று நினைத்தேன். நினைத்த நாள், நான் நாள்காட்டி பார்க்காத நாள்.

காலை ஏழு மணிக்கே டவுனுக்குப் போய் அரைக் கிலோ சூரை மீன் வாங்கினேன். முள்ளில்லாமல் வெட்டிக்கொடுத்த மீன்காரம்மா, பையில் ஒரு பிடி ஐஸை அள்ளிப்போட்டு, "சாயங்காலம் பௌர்ணமி பொறக்குது சார், நாளைக்குக் கடை கெடையாது. ஐஸ் கம்மியாதான் இருக்குது. நேரா வூட்டுக்குப் போயி ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க. சூரை வெயில் தாங்காது" என்றார்.

"நானே தாங்க மாட்டேன்மா. மீனு பக்கத்துல நானும் உக்காந்துக்கறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத முகம் ஒன்றை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. அம்மா அதற்குள் தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு மேடை கழுவி, கோலம்கூடப் போட்டாயிற்று.

"எங்கடா போய்ட்டு வர?" என்றாள், தலையை வெளியே எடுக்காமலே.

"சும்மா. காத்து வாங்க."

"பையில இன்னா?"

"அதான் காத்து."

பக்கத்து வீட்டில் வைக்கலாம் என்றால், அந்த ஃப்ரிட்ஜும் அந்நேரம் குளித்துக்கொண்டிருக்கும். எங்கள் தெரு முழுக்க அன்றைக்கு மீனுக்கு இடமில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாற்பதை நெருங்குகிற வயதில் அம்மாவுக்குப் பயந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு காரணம் எதுவும் கைவசம் இல்லை. தயிருக்குப் பால் சொசைட்டி வரை அவள் எப்படியும் போவாள். அந்த அரைமணியில் செய்து, சாப்பிட வைத்து, கழுவிக் கவிழ்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதுவரை, வண்டி நிறுத்துகிற கொட்டகையில் மூடிபோட்ட பழைய பெயின்ட் டப்பாவுக்குள் பையை வைத்தேன். மூடி இருக்கிறது, நிழல் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் மீனுக்கு?

கொட்டகைக்கு மேலே இருப்பது தகரக் கூரை. மாதம் வைகாசி.

அம்மா கிளம்பவில்லை. எட்டு மணிக்குக் கறிவேப்பிலை உருவினாள். ஒன்பதுக்கு அண்டாவைத் தேய்த்தாள். பத்துக்கு, தேய்த்த அண்டாவை மறுபடி தேய்த்தாள். நான் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பதினொரு மணிக்கு ஒரு தடவை தகரத்தைத் தொட்டேன். விரலை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்த்தால் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்.

பன்னிரண்டரைக்கு அம்மா தூக்குப் பாத்திரங்களோடு படியிறங்கினாள். நான் ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். ஐஸ் இருந்த இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தது. மோந்து பார்த்தேன். நாற்றமில்லை. மீன் மீனாகத்தான் மணத்தது. துண்டுகளின் ஓரத்தில் மட்டும் மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தின மாதிரி ஒரு பச்சையும் ஊதாவுமான மினுக்கம். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, பளபளப்பாக இருந்தால் நல்ல மீன் என்று எனக்கு நானே ஒரு சர்டிஃபிகேட் கொடுத்துக்கொண்டேன். ஜெராக்ஸ் கடைக்காரன் கையில் சர்டிஃபிகேட்டுக்குப் பஞ்சமா?

வேலை சீக்கிரம்தான் முடிந்தது. உப்பும் மஞ்சளும் தடவி, சோளமாவில் புரட்டி, கொஞ்சம் எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க வறுத்து எடுத்தேன். அதே எண்ணெயில் பூண்டு, இடித்த காய்ந்த மிளகாய், கரைத்து வடிகட்டிய வெல்லம், கொஞ்சம் சோயா சாஸ், எலுமிச்சைச் சாறு. அது நுரைத்து நுரைத்துக் கெட்டியாகி, கரண்டியிலிருந்து நூலாக இறங்கியபோது துண்டுகளைப் போட்டுப் புரட்டினேன். வீடியோவில் சொன்னதைவிட மிளகாயும் வெல்லமும் இரண்டு மடங்கு. ஏன் இரண்டு மடங்கு என்று என் கை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ருசி பார்க்க ஒரு துண்டு. சரியாகத் தெரியவில்லை என்று இன்னொன்று. பிறகு மூன்றாவது. நாக்கின் நுனியில் சுறுசுறுவென்று ஏதோ ஓடியது. என் சமையலே என்னைப் பாராட்டுகிறது என்று நினைத்தேன்.

தட்டில் ஆறு துண்டு வைத்துக் கொண்டுபோனேன். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். நான் வாளியோடு தயாராக நின்றேன். வாளி தேவைப்படவில்லை. முழுத் துண்டும் உள்ளே போய்விட்டது.

"நீங்களா செஞ்சீங்க? நம்பவே முடியல" என்றாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! பாகு உதட்டோரம் ஒட்டியிருந்தது. இரண்டாவது துண்டை எடுத்தவள், "மிளகு ஜாஸ்தி போட்டுட்டீங்க மாமா. நாக்கு சுறுசுறுங்குது" என்றாள்.

நான் மிளகு போடவே இல்லை.

அந்த நொடியில் என் காது இரண்டும் சூடாவதை உணர்ந்தேன். பிறகு கழுத்து. நெஞ்சுக்குள் யாரோ படியேறி ஓடுவதுபோல் ஒரு சத்தம். என் நாக்கில் ஓடியதும் அதே சுறுசுறுதான் என்று புரிந்தது.

"அதத் துன்னாத" என்றேன். "கீழ வை. மீனு சரியில்ல."

அவள் தட்டைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "ஆமாமா. போன மாசம் பால்கோவாவுல பல்லி வுழுந்துடுச்சின்னு சொல்லி டப்பாவையே காலி பண்ணீங்களே, அதே மாதிரி!"

"இல்லம்மா, நெஜமா."

"அன்னிக்கும் நெஜமான்னுதான் சொன்னீங்க."

நிஜம் என்று சொல்ல என்னிடம் வேறு முகம் இல்லை. இத்தனை வருடமும் ஒரே முகத்தைத்தான் எல்லாவற்றுக்கும் உபயோகித்திருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே துண்டை வாயருகே கொண்டுபோனாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். துண்டு பறந்துபோய்ச் சுவரில் ஒட்டி, மெதுவாக, ஒரு சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து நான் அவள் கையைத் தட்டியதில்லை.

வாசலில் தூக்குப் பாத்திரம் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்தாள். முதலில் சுவரைப் பார்த்தாள், பிறகு என்னை.

"இன்னாடா மூஞ்சி தக்காளியாட்டம் ஆயிருக்குது?"

எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, தகரம், ஐந்து மணி நேரம். அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு கேட்டுதுன்னு சொல்லியிருந்தா, தோட்டத்துல மூணு கல்லு வெச்சி அப்பவே நானே வறுத்துக் குடுத்திருப்பனேடா" என்றாள். "ஃப்ரிட்ஜ இன்னொரு தபா கழுவிட்டுப் போறேன். சாமியா வந்து மோந்து பாக்கப்போவுது?"

ஆட்டோவில் ஏறினோம். கிரிவலப் பாதையில் அதற்குள் தடுப்புக் கட்டைகள் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் கையை நீட்டினார். அம்மா தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னதும், அவர் கட்டையை நகர்த்திவிட்டு, "திரும்பி வர்றப்போ வண்டி வுட மாட்டோம்மா, ஆறு மணிக்கு மேல ரோடு பூரா ஜனம்தான்" என்றார்.

சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தவுடனே, "இன்னா மீனு?" என்றார்.

"சூரை."

"வெயில்ல கெடந்துச்சா?"

"நெழல்ல. தகர நெழல்ல."

"சூட்டுல இருந்தா இந்த மீனுக்குள்ளயே ஒரு விஷம் ஊறும். நாத்தம் வராது. வேக வெச்சாலும் போவாது. அவங்க எத்தினி துண்டு?"

"ஒண்ணு."

"நீங்க?"

"மூணு. ருசி பாத்தேன்."

எனக்கு ஊசி போட்டார்கள். அவள் வயிற்றில் கருவியை வைத்து டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் எதைக் கேட்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"துடிப்பு இருக்குது. கொஞ்சம் வேகமா இருக்குது. இங்கயே இருங்க" என்றார். "கடைசியா எப்போ ஒதைச்சது?"

என் மனைவி யோசித்தாள். "காலைல."

"பத்து அசைவு எண்ணுங்க. ரெண்டு மணி நேரம் பாப்போம். வரலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுறேன்." சொல்லிவிட்டு ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. ரோட்டில் முதல் வரிசை ஜனங்கள் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கையில் இன்னும் மஞ்சள் இருந்தது. முக்கால் மணி நேரம் எதுவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள் கொஞ்சம் வளைந்திருந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் தயங்கி நின்று பிறகு தாண்டியது. அது தயங்குகிற ஒவ்வொரு தடவையும் நானும் நின்றேன்.

"ஒண்ணு" என்றாள் அம்மா.

பிறகு ரெண்டு. மூணும் நாலும் சேர்ந்து வந்தன. ஐந்தாவது அசைவுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஜன்னல் வெளிச்சம் மஞ்சளானது. ஒன்பதோடு நின்றுவிட்டது. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிட்டு, வண்டியை ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தச் சொன்னார். வெளியே "அரோகரா" சத்தம் கூடிக்கொண்டே போனது. இந்தக் கூட்டத்துக்குள் எந்த வண்டி எப்படிப் போகும்?

"எதுனா சொல்லுங்க மாமா" என்றாள் அவள், கூரையைப் பார்த்தபடியே. "நீங்க பேசாம இருந்தா எனக்கு ஜாஸ்தி பயமா இருக்குது."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் வாய் மூடாதவன் நான். அன்றைக்கு வாய் திறந்தபடியே நின்றது, அவ்வளவுதான். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஊசி போட்டும் முகம் முழுக்கச் சிவப்புத் திட்டு, ஒரு காது மட்டும் இன்னொன்றைவிட வீங்கி, வாய் பிளந்து நிற்கிற உருவம். அவள் அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். வயிறு குலுங்கிற்று. கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்க, "அய்யோ மாமா, அந்தக் காது..." என்றாள்.

அம்மாவின் கை சட்டென்று துள்ளி எழும்பி இறங்கியது.

"பத்து" என்றாள் அம்மா. பிறகு கையை எடுக்காமலே, "பதினொண்ணு. இந்தா, பன்னெண்டு. இது உன்ன மாதிரியேதான்டா, ஆரம்பிச்சா நிறுத்தாது" என்றாள்.

டாக்டரம்மா வந்து மறுபடியும் கருவியை வைத்துக் கேட்டார். ராத்திரி மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்றார். நர்ஸம்மா வெளியே போய் ஆம்புலன்ஸைப் பழையபடி நிறுத்தச் சொல்வது கேட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

அம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் இவகூட இருக்கறேன். நீ நடந்தே வூட்டுக்குப் போ. தயிர் வாசல்லயே கெடக்குது, ஜனம் வந்துட்டுது. கடைஞ்சி, உப்பும் கறிவேப்பிலையும் போட்டு மோர நீயே ஊத்து." வாசல் வரை போனவனை மறுபடி கூப்பிட்டாள்.

"டேய். ருசி பாக்காத."