ஹால் டிவிக்கு வந்த தேர்வு

என் வீட்டுக்காரர் ஒன்பது வருடமாக மற்றவர்கள் எழுதிய செயலிகளில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தவர். பத்தாவது வருடம்தான் சொந்தமாக ஒன்றை எழுதச் சொன்னார்கள். டிவிக்கான செயலி. மேசை மேலிருக்கும் ஸ்பீக்கரிடம் “ஹால் டிவியில் படம் போடு” என்றால் டிவியில் படம் ஓட வேண்டும், “நிறுத்து” என்றால் நிற்க வேண்டும். “அவ்வளவுதானே?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவ்வளவு இல்லையாம். சொன்னதைச் செய்தால் போதாது, செய்துவிட்டேன் என்று டிவி தகவலும் அனுப்ப வேண்டுமாம். யாராவது ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினால், அடுத்த நொடியே போனிலும் ‘நின்றிருக்கிறது’ என்று வர வேண்டும். அந்த இடத்தில்தான் அவருடைய செயலி இரண்டு தடவை தேர்வில் மண்ணைக் கவ்வியது. மூன்றாவது தடவையும் போனால் வேலையை வேறு குழுவிடம் கொடுத்துவிடுவார்கள். மனிதருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஆபீஸிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற ஆள், மூன்றாவது தேர்வுக்கு முந்தின மூன்று மாதமும் ஹாலில் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டிவியை ஏவிக்கொண்டிருந்தார். என் மாமியாரின் சீரியல் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் இவருக்குச் சோதனை வரும்.

“ஏண்டா, கொலை பண்ணினது யாருன்னு சொல்லப் போறான். இப்பவா?”

“ஒரு நிமிஷம்மா. நான் படம் போடறேன், நீ ரிமோட்ல நிறுத்து.”

முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவார். அதுவே அவருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

தேர்வு நாள் வந்தது. எனக்கு அன்று விடுமுறை. காலை பதினொரு மணிக்கு மாமியாரின் சீரியல் பட்டென்று மறைந்து, இவருடைய செயலி தானாகத் திறந்து படம் ஓட ஆரம்பித்தது. வீட்டில் அவர் இல்லை. மாமியார் அசரவில்லை. “வந்துட்டான்” என்றபடி ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

நான் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எடுத்தவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “இப்ப பேச முடியாது.”

“என்னங்க, நம்ம டிவி தானா ஓடுச்சு. அத்தை நிறுத்திட்டாங்க.”

ஆபீஸில் நடந்தது இதுதான். ஆபீஸ் டிவிக்கும் இந்த மகானுபாவர் ‘ஹால்’ என்றே பெயர் வைத்திருக்கிறார். போதாததற்கு, முந்தின நாள் ஆபீஸ் ஸ்பீக்கரில் எங்கள் வீட்டு லாகின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறார். தேர்வு நடத்தும் அம்மணி கட்டளை கொடுத்தார். எதிரே இருந்த டிவி இருட்டாகவே கிடந்தது. போனில் மட்டும் ‘ஓடுகிறது’ என்று வந்தது. பொய் சொல்லும் செயலி என்று அம்மணி எழுதப்போன நேரத்தில், யாரும் தொடாமலே ‘நின்றிருக்கிறது’ என்று மாறியது.

அம்மணி இவரிடமிருந்து போனை வாங்கிக்கொண்டார். “யாரும்மா நிறுத்தினது?”

மாமியார் என் கையிலிருந்து பிடுங்கினார். “நான்தான். ஏன், நிறுத்தக் கூடாதா?”

“இன்னொரு தடவை நிறுத்துறீங்களா? நான் போடறேன்.”

நான்கு தடவை அம்மணி போட, மாமியார் நிறுத்தினார். நான்கு தடவையும் போன் உண்மையைச் சொன்னது. அப்புறம் பெயரை மாற்றி, கணக்கை எடுத்து, ஆபீஸ் டிவியிலும் முறைப்படி செய்து பார்த்தார்களாம்.

மதியம் போன் வந்தது. “அம்மாகிட்ட குடு” என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“பாஸாயிடுச்சும்மா!” குரல் உடைந்திருந்தது.

“ரொம்ப சந்தோஷம்டா” என்றார் மாமியார். கொஞ்ச நேரம் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப வேலை முடிஞ்சுதா? இனிமே ஹாலுக்கு வர மாட்டியா?”

மூன்று மாதமும் இந்த அம்மாள் சீரியலுக்காகத்தான் சண்டை போடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

“யார் சொன்னா? இன்னும் நிறைய சோதிக்கணும்மா. தினம் சாயந்தரம் நீதான் நிறுத்தணும்.”

பச்சைப் பொய். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சொல்லி எனக்குப் பிடித்த முதல் பொய்.