முத்துக் குளிப்பவர் மகளைக் கொன்றது யார்?

என் அத்தை ஒரு நாவலை மனசுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கடைசித் தங்கை அவள். தாராவியில் எங்கள் வீட்டு மேல்தட்டில் உட்கார்ந்து தோல் பைகளுக்கு உள்துணி தைப்பாள். பள்ளி விட்டு நான் ஏணியில் ஏறியதும், மிஷினை நிறுத்தாமலே கதையைத் தொடருவாள். மாடுங்காவில் தமிழ்ப் புத்தகம் விற்கும் கடையைத் தாண்டும்போதெல்லாம், "ஏட்டி, ஒருநாள் இங்க என் புத்தகம் தொங்கும் பாரு" என்பாள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறிய எனக்கு அவள் வாய்தான் புத்தகம்.

பழைய கொற்கையில் நடக்கும் கதை. முத்துக் குளிப்பவர் ஒருவரின் மகளுக்குச் சொந்தமாகக் கப்பல் கட்டிக் கடல் தாண்ட ஆசை. ஒரு விடியற்காலையில் அவள் கரையில் பிணமாகக் கிடக்கிறாள். அலை இழுத்துவிட்டது என்கிறது ஊர்.

"முத்துக் குளிக்கவன் மவ தண்ணியில முங்கிச் சாவாளா? யோசிச்சுப் பாரு."

"அப்ப யாரு கொன்னது அத்த?"

"பொறுட்டி, சொல்லுதேன்."

சொல்வதற்குள் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. கடல்பாலம் தாண்டி வாசியில் சொந்த ஃபிளாட், ஆபீஸ் வேலை. அத்தை சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாள். "கதை எழுதியா கஞ்சி குடிக்கப் போற?" என்று அப்பா சிரித்தார். தீபாவளிக்கு வந்தவள் மிகவும் இளைத்திருந்தாள். மீதிக் கதையைக் கேட்டேன். "எல்லாம் மறந்துபோச்சுட்டி" என்றாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கால் தவறி விழுந்துவிட்டாள் என்று செய்தி வந்தது.

வாசி வீட்டில் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகத்தையும் மூடியிருந்தார்கள். அவள் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை முட்டியது. "யாரு கொன்னதுன்னு சொல்லாமலே போயிட்டியே அத்த!" என்று கத்திவிட்டேன்.

அத்தனை அழுகையும் நின்றது. அத்தையைக் கட்டிய மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரு இந்தப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" என்று மாமியார் எழுந்தாள்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா கைகூப்பினார். "அது ஏதோ கதையப் பத்திச் சொல்லுது. நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க."

எல்லாம் முடிந்து அன்றைக்கே திரும்பும்போது ரயிலில் அப்பா என்னை விட்டு எதிர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். கதைக்காக அழுததற்குத்தான் கோபம் என்று நினைத்தேன். சாரல் உள்ளே அடித்தது, ஜன்னலை இறக்கிவிட்டார். நாலு நாளாக ஒரு மணி நேரம்கூட விடாமல் பெய்துகொண்டிருந்த மழை. அந்த மழையில் துணி காயப்போட யார் மாடிக்குப் போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ரயில் மாற குர்லா ஸ்டேஷன் வரும்வரை நான் கொற்கையில்தான் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருந்தேன்.