வில்வத் தட்டு

1. பித்தளை போன வழி

என் வேலை போனது ஒரு வெள்ளிக்கிழமை. சிதம்பரம் கீழ சன்னதியில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்கள் குடம், தவலை, குத்துவிளக்கு எல்லாவற்றிலும் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுக்கச் சொல்வார்கள். உளியும் சுத்தியும் எடுத்தால் ஒரு மூச்சில் ‘தெய்வானை’ வெட்டி முடிப்பேன். கை சுத்தம் என்று பெயர் எனக்கு. வாயும் கொஞ்சம் ஜாஸ்தி என்று அதே தெருவில் சொல்வார்கள், அதுவும் உண்மைதான்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பித்தளை, செம்பு எல்லாம் சண்டைக்குப் போய்விட்டது, கடைக்குச் சரக்கு வரவில்லை. பாத்திரமே இல்லாத கடையில் பெயர் வெட்டுகிறவனுக்கு என்ன வேலை? கடைக்காரர் நல்ல மனிதர். கூடலூரில், அதாவது இன்றைய கடலூரில், ஏலக்கடை வைத்திருந்த தங்கவேல் மொதலாளிக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்.

ஏலக்கடை என்றால், மஞ்சக்குப்பம் பங்களாக்களில் இருந்த வெள்ளைக்காரர்கள் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போகிற சாமான்களை மொத்தமாக ஏலத்தில் எடுத்து, திருப்பாப்புலியூரில் சில்லறையாக விற்கிற கடை. போன அன்றைக்கே வைக்கோல் திணித்த நாலு மரப்பெட்டியை என் முன்னால் தள்ளினார் மொதலாளி.

“எல்லாம் பீங்கான். தொடச்சி, சேதாரம் பாத்து, ஜோடி சேத்து அடுக்கு. எது எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியணும். தெரியாம முழிச்சிக்கிட்டு நின்னா வந்தவன் போயிடுவான்.”

கடைசியாகச் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

2. தட்டிப் பார்க்கிற வேலை

பீங்கான் என்று நான் நினைத்திருந்தது ஊறுகாய் ஜாடி மட்டும்தான். பெட்டியிலிருந்து வெளியே வந்தது வேறு ஜாதி. பால் வெள்ளை, லேசாக நீலம் ஓடியது, தூக்கினால் அம்மிக் குழவியைத் தூக்குகிற மாதிரி கனம். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கறுப்பு மையில் ஒரு கிரீடம், இரண்டு பக்கமும் மிருகங்கள், கீழே இங்கிலீஷில் ‘அயர்ன்ஸ்டோன்’. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. மொதலாளியிடம் கேட்டேன். “இரும்புக்கல்லு” என்றார். உடனே பக்கத்து சைக்கிள் கடையில் காந்தம் வாங்கி வந்து ஒட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை. சைக்கிள் கடைக்காரர் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ‘இரும்பு மாதிரி உறுதி என்று வியாபாரத்துக்காக வைத்த பெயர், மற்றபடி மண்தான்’ என்பது எனக்குத் தெரிய வெகு நாளாயிற்று.

ஆனால் சாமான் என்னைப் பிடித்துக்கொண்டது. நடுவிரல் முட்டியால் ஓரத்தில் தட்டினால் நல்ல தட்டு ‘ணங்’ என்று நின்று பேசும். விரிசல் இருந்தால் ‘டொக்’. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட காதுக்குத் தெரியும். சில தட்டுகளில் பழுப்பாக ஊறல் இருக்கும். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் இரண்டு நாள் போட்டு வைத்தால் அழுக்கு மேலே எண்ணெயாக மிதக்கும். அடி மார்க்கில் கிரீடம் ஒன்றுக்கொன்று வேறுபடும், அதை வைத்து ஜோடி சேர்ப்பேன். ஒரு மூடி எந்தச் சட்டிக்கு என்று கண்டுபிடிக்க அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். சோறு ஞாபகம் வராது.

எது எதற்கு என்பதுதான் பிரச்சினை. சொல்லித்தர ஆள் இல்லை. நானே பார்த்து, நானே முடிவு கட்டி, வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுவேன். சாஸ் ஊற்றுகிற கிண்ணத்தைப் பச்சைக் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற சங்கு என்று புவனகிரிக்காரர் ஒருவருக்கு விற்றேன். அவர் வீட்டில் அது அப்படியே நன்றாக வேலை செய்தது. எனக்குத் துணிச்சல் ஏறிவிட்டது.

3. அபிஷேகத் தட்டு

மூன்றாவது பெட்டியில் அடியிலிருந்து வந்தது ஒரு பெரிய நீளவட்டத் தட்டு. ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். நடுவில் ஒரு மரத்தின் வடிவம் குழிவாக இருந்தது. நடுத்தண்டு ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் கிளைக் கிளையாகச் சின்ன வாய்க்கால்கள். எல்லாம் ஒரு ஓரத்தில் இருந்த ஆழமான குழியில் போய்ச் சேர்ந்தன. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எந்தக் கிளையில் ஊற்றினாலும் குழிக்குத்தான் ஓடியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிதம்பரத்துக்காரனுக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? மேலே ஊற்றியது வழிந்து ஓரிடத்தில் வந்து சேர்கிறதென்றால் அது அபிஷேகம்தான். மரம் வில்வம்.

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் இல்லாமல் இல்லை. சோடாத் தண்ணீரில் போட்டபோது மற்ற எதிலும் வராத அளவுக்கு எண்ணெய் வந்தது. அபிஷேக எண்ணெய் என்று வைத்துக்கொண்டேன். நடுவில் மெல்லிய கீறல்கள் நிறைய இருந்தன. சந்தன வில்லை உரசியது என்று வைத்துக்கொண்டேன். வெள்ளைக்காரன் வீட்டில் எப்படி வந்தது? சீமையில் நம்மவர்களுக்கென்றே செய்து அனுப்பியிருப்பான், எத்தனையோ சாமான் அப்படி வருகிறதே. கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

ஒரு நாள் சபாபதி ஐயா கடைக்கு வந்தார். சிதம்பரம் மேல வீதிக்காரர், ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். வீட்டில் கட்டைவிரல் அளவு வாணலிங்கம் வைத்து மூன்று தலைமுறையாகப் பூசை செய்கிற சைவக் குடும்பம். அவருடைய பித்தளைத் தாம்பாளம் ஓட்டை விழுந்து, ஈயம் வைத்து அடைத்தும் ஒழுகுகிறது, புதுசு எங்கேயும் கிடைக்கவில்லை, ஏலக்கடையிலாவது பழசு இருக்குமா என்று வந்தார். நான் அந்தத் தட்டை எடுத்து வைத்தேன்.

“பீங்கான் பூசைக்கு ஆகாதே, தம்பி.”

“பீங்கான் இல்லீங்க ஐயா. கல்லு. பேரே போட்டிருக்கு பாருங்க.”

“எவனாவது தின்ன தட்டா?”

“இவ்வளோ பெரிய தட்டுல எவன் சாப்புடுவான்? வில்வ மரம் பாருங்க. இது அபிஷேகத்துக்குன்னே செஞ்சது.”

“நெஜமாவே தெரிஞ்சி சொல்றியா?”

“தெரிஞ்சிதான் சொல்றேன், ஐயா.”

தண்ணீரை ஊற்றி ஓடவும் விட்டுக் காட்டினேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார்.

4. சூசை வந்தார்

மூன்று மாதம் கழித்து சூசை என்று ஒருவர் வந்தார். அந்தத் தட்டு இருந்த பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். இப்போது நெல்லிக்குப்பம் பக்கம் வேறொரு துரையிடம் வேலை. பழைய சாமான்களில் சிலவற்றைப் புது இடத்துக்கு வாங்கப் பார்த்தார். அடுக்கை ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மரம் போட்ட பெரிய தட்டு ஒண்ணு இருந்துச்சே, எங்க?”

“வித்துப்போச்சி. நீங்க அதுல என்னா பண்ணுவீங்க?” என்று கேட்டேன். ஆசையாகத்தான் கேட்டேன்.

“ரோஸ்ட் வெக்கிறதுதான். ஞாயித்துக்கெழமையானா முழுத் தொடையை அதுல வெச்சி மேசைக்குக் கொண்டுபோவேன். தொர நின்னுக்கிட்டு அறுப்பாரு. சாறு வழிஞ்சி அந்தக் குழியில வந்து நிக்கும், கரண்டியால மொண்டு மேல ஊத்திக்குவாங்க.”

“என்னா தொடை?” என்றேன்.

“மாடுதான். சில நாள் ஆடு.”

எண்ணெய் எதுவென்று தெரிந்துவிட்டது. கீறல் எதுவென்றும் தெரிந்துவிட்டது. உளி பிடித்துப் பிழைத்தவன் நான், கத்தி இழுத்த கோட்டுக்கும் உரசிய கோட்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? தெரியும். பார்க்க மனசில்லை, அவ்வளவுதான்.

மொதலாளியிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கோதண்டம், நான் சொல்றதக் கேளு. அவுங்களுக்குத் தெரியாத வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. நீ போயி சொன்னாத்தான் கொறை. வயசான மனுஷன், தாங்குவாரா? வாயத் தொறக்காத. தொறந்தேன்னா அப்படியே சிதம்பரத்துலயே இருந்துக்க, இங்க வராத.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் காலையில் எழுந்ததும், இன்றைக்கும் மேல வீதியில் அந்தத் தட்டின் மேல் பால் ஓடும் என்றுதான் முதல் நினைப்பு வந்தது. தினம் தினம் இப்படி எழுந்திருக்க முடியுமா? ரயிலேறிவிட்டேன். மொதலாளி பிறகு என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறந்துவிடுவேன் என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

5. கையில் வாங்கிய பால்

நான் போனபோது பூசை முடிகிற நேரம். ஐயா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். லிங்கம் தட்டில் இருந்த மரத்தின் நடுவில் இருந்தது. பால் கிளை வழியாக ஓடிக் குழியில் நின்றது. பார்க்க அழகாக இருந்தது, அதுதான் கொடுமை.

“கூடலூர் தம்பியா? வா வா. நல்ல நேரத்துலதான் வந்திருக்கே” என்று உத்தரணியால் பாலை மொண்டு நீட்டினார். கை தானாக நீண்டுவிட்டது. உள்ளங்கையில் பால். குடிக்க முடியவில்லை, கீழே விடவும் முடியவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டேன். சூசை சொன்னதை ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, துடைக்க ஒரு கைதான் இருந்தது.

சமையல்கட்டு வாசலில் அவர் மனைவி மீனாட்சி அம்மாள் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது.

“எப்போ தெரிஞ்சிது ஒனக்கு?”

“நேத்து, ஐயா.”

“நேத்தா?” என்றார். பிறகு தன் பங்குப் பாலை உத்தரணியில் எடுத்தார். குடித்தார். “சாமி மேல பட்டு வந்தது. கீழ ஊத்தாத. குடி” என்றார். குடித்தேன்.

அப்புறம் எழுந்து லிங்கத்தை இரண்டு கையாலும் எடுத்து, கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டி, ஒரு வாழையிலை நறுக்கில் வைத்தார். ஒழுகுகிற பழைய தாம்பாளத்தை அம்மாள் பரணிலிருந்து எடுத்து வந்து கீழே வைத்தார். அடியில் ஒரு சட்டி.

“தெனம் நான்தான் கழுவினேன்” என்றார் அம்மாள் என்னிடம். “கத்தி பட்ட கீறல்னு மொத நாளே தோணிச்சி. கேட்டா இவுரு மனசு ஒடஞ்சிடுமேன்னு விட்டுட்டேன். நீயாவது சொன்னியே.”

ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் அப்போதுதான் வந்தது அவருக்கு.

“மாட்டுக்கறித் தட்டுன்னு ஒனக்குத் தெரியாது, சரி. அது ஒந்தப்பு இல்ல. தெரிஞ்சி சொல்றியான்னு கேட்டேனா இல்லியா? தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன். அந்த ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு அவ்வளவு கஷ்டமா?”

தட்டைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மாள், “நில்லு தம்பி” என்று கூப்பிட்டுப் பூசை அலமாரியிலிருந்து எதையோ எடுத்து வந்தார். அதே பால் வெள்ளை, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. புகைக்கூண்டு மாதிரி உயரமாக, மேலே ஒரு துளை, அடியில் சுற்றிலும் நாலு வளைவு. பல வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகிப் போன ஒரு துரை, ஐயாவுக்குக் கொடுத்த சாமான்களோடு வந்ததாம்.

“இதுல ஊதுவத்தி செருகி வெக்கிறேன். இது எதுக்குன்னு தெரியுமா?”

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மேல் துளை, கீழ் வளைவு, புகை போகிற வழி. சாம்பிராணிக் கூண்டு என்று பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஐயா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலம்மா” என்றேன்.

அம்மாள் அதை வாங்கிக்கொண்டு போய், பூசை அலமாரியில் வைக்காமல், ஜன்னல் ஓரத்தில் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.