வெட்டிவேர்த் தட்டியும் சகலையின் ஏர்கோனும்

சகலை வீட்டு ஏர்கோனிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு மத்தியானம் நின்று எண்ணியிருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில், கையில் குடையோடு. நிமிடத்துக்கு நாற்பது சொட்டு. அவர் வீட்டுக் காற்றிலிருந்த ஈரத்தை அந்த இயந்திரம் பிழிந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. குழாய்க்குக் கீழே நின்ற கறிவேப்பிலைச் செடி அதைக் குடித்துவிட்டு என்னைவிட நன்றாக இருந்தது. செடிமேல் பொறாமைப்படுவது அதற்கு முன் எனக்குப் பழக்கமில்லை.

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, ரப்பர்த் தோட்டத்தை வெட்டிவிட்டுக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் இரண்டு வீடுகளும் முதுகோடு முதுகு. அவர் கூடத்தில் ஏர்கோன் வந்த நாள் முதல், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு என் மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். ஐந்து மணிக்குத் திரும்பும்போது முகம் அப்போதுதான் பறித்த கீரை மாதிரி இருக்கும். வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துப் பிழைக்கும் நான், காற்றாடிக்குக் கீழே, நேற்றுப் பறித்த கீரை மாதிரி இருப்பேன்.

நானும் ஒன்று வாங்கியிருக்கலாம். ஆனால் ஏர்கோன் மாட்டிய அன்றே, சொந்தபந்தம் எல்லாம் இருக்கையில், மனிதன் சன்னலைச் சாத்திக்கொண்டு வாழ்வதன் கேவலத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசித் தொலைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போனேன். தங்கிய வீட்டில் சன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வெளியே அனல், உள்ளே வாசனையோடு குளிர்ச்சி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தட்டியைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, எங்கள் கூடத்துச் சன்னலில் தொங்கவிட்டேன். கீழே தண்ணீர் வடியத் தாம்பாளம், எதிரே மேசைக் காற்றாடி.

"தண்ணி ஆவியாகறப்ப காத்துல இருக்கிற சூட்ட எடுத்துக்கும். அதான் தத்துவம்" என்று மனைவிக்கு விளக்கினேன்.

முழுவதும் கேட்டாள். "சரிங்க" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள்.

தத்துவத்தில் பிழையில்லை. மதுரைக் காற்று தாகத்தோடு அலைவது. எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் குடிக்கும். ஈப்போக் காற்றோ தினமும் மூன்று மணிக்குப் பெய்யும் மழைக்குப் பிறகு கல்யாணப் பந்தியில் உண்டு முடித்தவன் மாதிரி. இன்னும் ஒரு கரண்டி பாயசம் என்றால் இலையை மூடிவிடும். நான் தெளித்த தண்ணீர் ஆவியாகாமல் தட்டியிலேயே தங்கியது. ஆவியான கொஞ்சமும் சுவரில் போய் வியர்த்தது. ஒரே வாரத்தில் உப்பு கட்டியானது, முறுக்கு வளைந்தது, அலமாரியில் என் அகராதிகளுக்குப் பச்சை மீசை முளைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சகலை காரிலிருந்து இறங்கிய கையோடு எட்டிப் பார்த்தார்.

"என்ன சகல, ஊட்டுக்குள்ளயே மழையா? இந்தத் தாம்பாளத்த டெங்கிக் கொசு புடிக்கிற ஆபீசர் பாத்தா சம்மன்லா!"

"இது இயற்கைக் குளிர்ச்சி."

"இருக்கட்டும், இருக்கட்டும். கொசு வந்து குளுகுளுன்னு முட்ட வைக்கட்டும்."

சிரித்துக்கொண்டே போனார். அவர் சட்டை முதுகில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் தோல்வியை ஒப்புக்கொண்டேன். ஏர்கோன் வாங்கிவிடலாம், இனிமேல் மத்தியானத்தில் வீட்டிலேயே இரு என்று மனைவியிடம் சொல்லிவிடப் பின்கதவு வழியாகச் சகலை வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். கூடத்தில் சன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. ஏர்கோன் மூடி கழற்றப்பட்டு, வயர்கள் வெளியே தொங்கின. அக்காவும் தங்கையும் பழைய காற்றாடிக்குக் கீழே தரையில் படுத்து, வியர்வை வழிய வழிய எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏர்கோன் என்னாச்சு?"

"அது ரிப்பேராகிப் பத்து நாளாச்சு அத்தான்" என்றாள் கொழுந்தியாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். "நம்ம வீட்டுக்கு ஒண்ணு வாங்கிடலாம்னு சொல்ல வந்தேன். நீ தெனம் இங்க வர வேணாம் பாரு."

அவள் எழுந்திருக்கவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வாங்குறதுன்னா வாங்குங்க. ஆனா நான் குளிருக்கா இங்க வாரேன்? இங்க யாரும் எனக்கு எதையும் வெளக்கிச் சொல்றதில்லலா."