செத்த கோழிக்குத் தையல்

எண்பதுகளில் கல்முனையில் ஒரு மாட்டு டொக்டர் இருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலை நூலால் கட்டியிருப்பார். செத்த கோழியை அறுத்துப் பார்த்தால், வயிற்றைத் திரும்பத் தைத்துத்தான் கொடுப்பார்.

"பக்கத்து வீட்டுக்காரிதான் நஞ்சு வெச்சிருக்கா, டொக்டர்" என்று என் கோழியை நீட்டினேன்.

அவர் இரைப்பையைப் பிளந்து சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார்.

"நஞ்சில்ல தங்கச்சி, தொத்து வருத்தம். அவட கோழியளும் சாகும்."

"மிச்சமிரிக்கிறதுகளுக்கு ஊசி போடேலாதா?"

"சண்டையால ரோடெல்லாம் பூட்டிக்கிடக்கு. மருந்து வாறல்ல."

"அப்ப என்னத்துக்கு அறுத்துப் பாக்கிறீங்க?"

அவர் ஊசியில் நூலைக் கோத்தார்.

அந்தக் கிழமைக்குள் இரண்டு வீட்டுக் கூடுகளும் காலியாகின. அவர் தைத்துத் தந்த கோழியை அன்று மாலையே வேலியோரம் புதைத்தபோது பார்த்தேன். மண்ணுக்குள் போகிற அந்த வயிற்றில் ஒரு தையல்கூடக் கோணலாக இல்லை.